புகை திறந்த ஜன்னல்

திண்டிவனத்திலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பரனூர் டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். பின்சீட்டில் இருந்த அம்மாதான் முதலில் பார்த்தார். "என்னடா அது, ஏதோ எரியுது?" டாஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் இஞ்சின் படம் போட்ட விளக்கு. கார் 2014 மாடல், பெட்ரோல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஓடுவதில் ஒரு குறையும் தெரியவில்லை. "ஒண்ணுமில்லம்மா, சென்சார் ஏதாவது இருக்கும்" என்றேன். சாஃப்ட்வேர் வேலையில் பத்து வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவனுக்கு வரும் தைரியம் அது.

அன்றிரவே 700 ரூபாய்க்கு ஒரு புளூடூத் அடாப்டர் ஆர்டர் செய்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய நீலநிறப் பிளாஸ்டிக் டப்பா. ஸ்டீரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் இருக்கும் 16 துளைச் சாக்கெட்டில் அதைச் செருகினால் காரின் கம்ப்யூட்டரும் டேப்லெட்டும் பேச ஆரம்பித்துவிடும். வீட்டில் மகள் கார்ட்டூன் பார்க்கும் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று இருந்தது. ஆப்களைத் தேடினால் வரிசை முடிகிற வழியாக இல்லை. நட்சத்திரம் அதிகம் வாங்கிய ஏதோ ஒன்றை இறக்கினேன்.

டேப்லெட் சொன்னது: பி0171. அதாவது, கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அதற்குக் கீழே பெரிய சிவப்பு பட்டன், 'அழி' என்று. அழுத்தினேன். விளக்கு அணைந்தது. வீட்டில் ஒரு நாள் முழுக்க ஹீரோவாக இருந்தேன்.

மூன்றாம் நாள் மறுபடி எரிந்தது. மறுபடி அழித்தேன். பி0171 என்றால் ஆக்சிஜன் சென்சார்தான் போயிருக்கும் என்று நானே முடிவுகட்டி, 3,200 ரூபாய்க்கு ஒரு சென்சாரும் வாங்கிவிட்டேன். அதை மாட்டித் தரச் சொல்லித் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மொதல் தடவ லைட் எரிஞ்சப்போ வண்டி என்ன பண்ணிட்டு இருந்துச்சு சார்? ஓடிட்டு இருந்துச்சா, டோல்கேட் லைன்ல நின்னுட்டு இருந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் காருக்குத் தெரிந்திருந்தது. கோளாறு பதிவாகும் கணத்தில் வேகம் எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, இஞ்சின் சூடு எவ்வளவு என்பதையெல்லாம் கார் ஒரு புகைப்படம் போல எடுத்து வைத்துக்கொள்ளும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்று பெயர். நான் அழுத்திய பட்டன் அதையும் சேர்த்து அழித்துவிட்டது. ஆபீஸில் சர்வர் விழுந்ததும் லாகைப் படிக்காமல் டெலீட் செய்கிற ஜூனியரை நான் என்ன பாடு படுத்துவேன்! அதே வேலையை இரண்டு தடவை செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சாக்கெட் எங்கிருந்து வந்தது, யாரிடம் எதைச் சொல்ல வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். எந்த ஆப் நல்லது என்ற கேள்விக்கான பதிலில் பாதி அந்த வரலாற்றில் இருக்கிறது.

*

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மேல் ஒரு புகை வந்து உட்கார்ந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது, சில தெருக்களுக்கு அப்பால் இருப்பது தெரியவில்லை. போர்க்காலம். ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றே சிலர் பயந்தார்கள். பிறகு செயற்கை ரப்பருக்கான பியூட்டடையீன் தயாரித்த ஒரு தொழிற்சாலையின் மேல் பழி விழுந்தது. அதை நிறுத்திப் பார்த்தார்கள். புகை போகவில்லை.

குற்றவாளியைக் கண்டுபிடித்தவர் புகைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேதியியலாளர். கால்டெக்கில் இருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்காரர். அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப் பழத்தின் மணத்தை. பழத்திலிருந்து எழும் ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் கருவி அவரிடம் இருந்தது. அதே கருவியால் பாசடீனாவின் காற்றைப் பிடித்தார். கிடைத்தது துர்நாற்றம் வீசும் பழுப்பு நிறத் துளிகள். வாகனங்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளியேறும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் நிறுவினார். எண்ணெய்த் தொழிலின் பணத்தில் ஆய்வு செய்தவர்கள் மறுத்தார்கள். அவர் மேலும் சோதனைகள் செய்து காட்டினார். பின்னாளில் கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

1970-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் கடுமையானது. 1975 மாடல் கார்களில் புகைக்குழாயோடு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. பின்னர் வந்த கன்வெர்ட்டர்கள் ஒழுங்காக வேலை செய்ய, காற்றும் பெட்ரோலும் மிகச் சரியான விகிதத்தில் எரிய வேண்டும். கார்புரேட்டரால் அந்த நுணுக்கம் முடியாது. அதனால் புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் வந்தது. அதைப் படித்து நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஒரு கம்ப்யூட்டர் வந்தது. காருக்குள் மூளை நுழைந்த கதையில் புகைக்குப் பெரிய பங்கு உண்டு.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பிரேக் போனால் ஓட்டுகிறவருக்கு உடனே தெரியும். கன்வெர்ட்டர் போனால் தெரியாது. வண்டி அருமையாக ஓடும். அவருக்குப் பின்னால் சைக்கிளில் வருகிறவருக்குத்தான் இருமல் வரும். ஓட்டுகிறவருக்கு வலிக்காத ஒரு நோயை அவருக்கு எப்படித் தெரிவிப்பது? அதற்கான பதில்தான் அந்த ஆரஞ்சு விளக்கு. என் வண்டி நன்றாக ஓடியபடியே விளக்கை எரித்ததில் முரண்பாடு எதுவும் இல்லை. அது என் சௌகரியத்துக்காக வைக்கப்பட்ட விளக்கே கிடையாது.

*

1988 மாடல்களிலிருந்து கலிஃபோர்னியா இதைக் கட்டாயமாக்கியது. கார் தன்னைத்தானே கண்காணித்து, கோளாறு கண்டால் விளக்கை எரிக்க வேண்டும். இன்று ஓபிடி-1 என்று சொல்கிறோம். ஆனால் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைக் கம்பெனிகளின் இஷ்டத்துக்கே விட்டிருந்தார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சாக்கெட், ஒரு மொழி. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில் சாக்கெட்டின் இரண்டு முனைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் விளக்கு கண்சிமிட்டும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. மெக்கானிக்குகள் எண்ணி எழுதிக்கொண்டு புத்தகத்தில் அர்த்தம் தேடினார்கள்.

இந்தக் குழப்பம் கலிஃபோர்னியாவுக்கே தாங்கவில்லை. 1989-ல் அடுத்த விதி தயாரானது. 1990-ல் மத்தியச் சட்டத்திலும் இடம்பிடித்தது. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 கட்டாயம். ஒரே வடிவச் சாக்கெட், ஓட்டுநர் பக்கத்திலேயே. பொதுவான கோட் பட்டியல். பி0 என்று தொடங்கினால் எந்தக் கம்பெனி காரிலும் ஒரே அர்த்தம். பி1 என்று தொடங்கினால் அந்தந்தக் கம்பெனியின் சொந்த அகராதி.

கவனித்தால், இந்தச் சாக்கெட்டே ஒரு சமரசம். சட்டத்துக்கு வேண்டியது புகை பற்றிய தகவல் மட்டும். ஆகவே இஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் புகையைப் பாதிக்கிற விஷயங்கள் மட்டும் பொதுவாகத் திறந்தன. ஏபிஎஸ், ஏர்பேக், கதவுப்பூட்டு, ஏசி ஆகியவற்றின் மொழி கம்பெனிகளின் வசமே இருந்தது. வயரிங்கிலும் ஒருமை வரவில்லை. ஃபோர்டுக்கு ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸுக்கு இன்னொன்று, கிரைஸ்லருக்கும் ஐரோப்பிய, ஆசியக் கம்பெனிகளுக்கும் வேறொன்று. 16 துளைகளில் யார் எதில் பேசுவார்கள் என்பதே மாறியது. பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய கேன் முறைக்கு எல்லோரும் மாற வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2008-ல்தான் வந்தது.

இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010 ஏப்ரலில் ஓபிடி-1, 2013 ஏப்ரலில் ஓபிடி-2 வந்தன. என் 2014 மாடல் அந்த வாசலைத் தாண்டிப் பிறந்தது என் அதிர்ஷ்டம்.

*

இத்தனை மொழி பேசும் சாக்கெட்டை ஒரு டேப்லெட் எப்படிப் புரிந்துகொள்கிறது? நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் உருவாக்கிய எல்ம்327 என்ற சிப்.

அதனுடன் பேசும் முறையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டளைகள் 'ஏடி' என்று தொடங்குகின்றன. 1981-ல் வந்த ஹேய்ஸ் மோடத்தின் மொழி! பிரவுசிங் சென்டரில் கீ... கிர்ர்... என்று கத்திக்கொண்டே இணைப்பு கிடைக்கக் காத்திருந்த தலைமுறை நாங்கள். அந்த மோடம் பேசிய அதே பாணியில் காரிடம் கேட்கலாம். '010சி' என்று அனுப்பினால் ஆர்பிஎம் கேட்கிறோம் என்று பொருள். '41 0சி 1ஏ எஃப்8' என்று பதில் வந்தால் கடைசி இரண்டும்தான் விடை. பதினாறடிமான எண்ணான அதைச் சாதாரண எண்ணாக்கினால் 6904. நான்கால் வகுத்தால் 1726 ஆர்பிஎம். டேப்லெட்டில் முள் ஆடும் அழகான மீட்டர்களுக்குப் பின்னால் நடப்பது இந்தக் கேள்வி பதில்தான்.

அந்தச் சிப்பின் உள்ளே இருப்பது ஒரு சாதாரண மைக்ரோகண்ட்ரோலரும் எல்ம் எழுதிய புரோகிராமும். புரோகிராமை வெளியிலிருந்து படிக்க முடியாதபடி பூட்டும் வசதி அந்த மைக்ரோகண்ட்ரோலரில் உண்டு. முதல் பதிப்பில் எல்ம் அந்தப் பூட்டைப் போடவில்லை. யாரோ படித்தார்கள், நகலெடுத்தார்கள். உலகமெங்கும் விற்கும் மலிவு அடாப்டர்களில் பெரும்பகுதியின் பூர்வீகம் அந்த நகல். பலவற்றில் '1.5' என்று பதிப்பு எண் வருகிறது. எல்ம் 1.5 என்ற பதிப்பை வெளியிட்டதே இல்லை. 2022-ல் அந்த நிறுவனம் கடையை மூடிக்கொண்டது.

என் 700 ரூபாய் டப்பாவைக் கேட்டுப் பார்த்தேன். 1.5 என்றது.

அடுத்தவன் எழுதிய கோடைத் திருடி விற்பது என் தொழிலில் மகாபாவம். அதே சமயம், அந்தத் திருட்டால்தான் 700 ரூபாய்க்கு எனக்கும், கம்பெனி ஸ்கேனரை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத தெருமுனை மெக்கானிக்குக்கும் இந்தச் சாக்கெட் எட்டியது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் நிம்மதியான ஒரு பதில் கிடைக்கவில்லை.

*

சரி, என்னதான் வாங்குவது? நான் பட்ட பாட்டிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் டேப்லெட்டைப் பாருங்கள், ஆப்பை அப்புறம் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு என்றால் சாதாரண புளூடூத் அடாப்டர் போதும். ஐபேடில் அந்தப் பழைய வகை புளூடூத் அடாப்டர் பெரும்பாலும் சேராது. ஆப்பிளின் அனுமதி பெற்றதோ, புளூடூத் லோ எனர்ஜி வகையோ, வைஃபை அடாப்டரோ வேண்டும். வைஃபை அடாப்டர் தானே ஒரு சின்ன நெட்வொர்க்காக மாறும். பெரும்பாலும் 192.168.0.10 என்ற முகவரி, 35000 என்ற போர்ட். அதில் இணைந்திருக்கும்வரை டேப்லெட்டில் இன்டர்நெட் வேலை செய்யாமல் போகலாம். ஒரு கோடின் அர்த்தத்தைத் தேட நினைக்கும்போதுதான் அது உறைக்கும்.

இரண்டாவது, அடாப்டர். மலிவு நகல்களில் சில, எல்லா மொழிகளையும் பேசுவதாகச் சொல்லிவிட்டுச் சிலவற்றை விழுங்கிவிடும். ஆப் இணையவில்லை என்றால் ஆப்பைத் திட்டுவதற்கு முன் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். இன்னொன்று: சாக்கெட்டின் 16-ஆவது துளையில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும். வண்டியை நிறுத்தினாலும் அடாப்டர் குடித்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவதுதான் ஆப். டார்க், கார் ஸ்கேனர், ஓபிடி ஃப்யூஷன் என்று பலரும் பயன்படுத்தும் பெயர்கள் உண்டு. மீட்டர்களின் அழகைப் பார்க்காதீர்கள். நான்கு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, ஃப்ரீஸ் ஃபிரேம் காட்டுகிறதா? இரண்டு, இன்னும் விளக்கை எரிக்காத, சந்தேக நிலையில் இருக்கும் கோடுகளைக் காட்டுகிறதா? மூன்று, ஃபியூயல் டிரிம் போன்ற எண்களை ஓடும்போதே காட்டி, பிறகு பார்ப்பதற்குச் சேமித்தும் தருகிறதா? நான்கு, ரெடினஸ் காட்டுகிறதா? கோடுகளை அழித்தால் காரின் சுயபரிசோதனைகளும் பூஜ்யத்துக்குப் போய்விடும். மறுபடி முடிய நாளாகும். கடைசியாக அழித்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியது என்பதையும் பல கார்கள் சொல்லும். பழைய கார் வாங்கப் போகும்போது விளக்கு எரியாமலிருந்து, அந்தத் தூரம் வெறும் 6 கிலோமீட்டர் என்று இருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன் யாரோ அந்தச் சிவப்பு பட்டனை அழுத்தியிருக்கிறார்கள்.

நான்காவது, ஆப் கேட்கும் அனுமதிகள். பழைய ஆண்ட்ராய்டில் புளூடூத் தேடுவதற்கே இருப்பிட அனுமதி தேவைப்பட்டது, அது நியாயம். உங்கள் தொடர்பு எண்களையும் கேட்டால், எதற்கு என்று யோசியுங்கள்.

இலவசப் பதிப்பை முதலில் உங்கள் காரில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பக்கத்து வீட்டுக் காரில் வேலை செய்தது உங்கள் காரில் செய்யும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

*

எந்த ஆப்பாக இருந்தாலும் பொது மொழி தெரிந்தவரை அது 1990-களில் புகைக்காகத் திறந்த ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறது. ஜன்னலைவிடப் பெரிதாகப் பார்க்க, அந்தக் கம்பெனியின் மொழியையும் கற்ற ஆப் வேண்டும். ஃபோர்டு, மாஸ்டா வண்டிகளுக்கு ஃபோர்ஸ்கேன் அப்படி ஒன்று. மறைமலை நகரில் ஃபோர்டு 2022-ல் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. தயாரித்தவர் ஊரைவிட்டுப் போன பிறகும் அந்தக் கார்கள் இங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு இப்படி ஓர் ஆப் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜன்னலைப் பெரிதாக்கும் சண்டை வேறு இடங்களில் நடக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் வாக்கெடுப்பு நடத்தி, கம்பெனி டீலருக்குக் கிடைக்கும் தகவல் வெளி மெக்கானிக்குக்கும் விலைக்குக் கிடைக்க வேண்டும் என்று மக்கள் பெரும் ஆதரவோடு முடிவெடுத்தார்கள். இந்தியாவில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்துச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் கோளாறு கண்டறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தது முக்கியமான குற்றச்சாட்டு. வழக்கு பிறகு மேல்முறையீடுகளுக்குள் போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளம் திறந்தது. அதில் வாகனத்துறையும் ஒன்று.

ஜன்னலில் தெரிவதும் எப்போதும் உண்மை என்று சொல்ல முடியாது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் டீசல் கார்களின் பின்னால் அளவைக் கருவியைக் கட்டிக்கொண்டு நிஜ சாலைகளில் ஓட்டினார்கள். அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்ற பெயர்களும் உண்டு. இரண்டு ஃபோக்ஸ்வாகன் கார்களின் புகை, சோதனைக்கூடத்தில் காட்டிய கணக்குக்கு ஒத்துவரவில்லை. 2015 செப்டம்பரில் விஷயம் வெடித்தது. சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் சாஃப்ட்வேர் உள்ளே இருந்தது. சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப்போல் 40 மடங்கு வரை வந்தது. உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். அந்த மோசடிக்காக எந்த டாஷ்போர்டிலும் ஆரஞ்சு விளக்கு எரியவில்லை. அந்த சாஃப்ட்வேரை எழுதியதும் என்னைப்போல மாதச்சம்பளம் வாங்கும் யாரோதான் என்ற நினைப்பு என்னை விட்டுப் போவதில்லை.

*

விளக்கு மூன்றாவது தடவை எரிந்தபோது நான் எதையும் அழிக்கவில்லை. வேறு ஆப் ஒன்றைப் பணம் கட்டி வாங்கி, டேப்லெட்டோடு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ஃப்ரீஸ் ஃபிரேம் காட்டியது: வேகம் பூஜ்யம், இஞ்சின் சூடாக இருக்கிறது, ஆர்பிஎம் 760. வண்டி நின்றுகொண்டிருந்திருக்கிறது.

ஃபியூயல் டிரிம்மைத் திறந்தேன். ஐடிலில் +19 சதவீதம். அதாவது கணக்குக்கு மேல் அவ்வளவு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிச் சமாளிக்கிறது கம்ப்யூட்டர். ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் +4-க்கு இறங்கியது. அவரிடம் எண்ணைச் சொன்னேன். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டு, கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

"உஸ்ஸுன்னு கேக்குது பாருங்க."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை எடுத்து ஒரு ரப்பர் ஹோஸின் வளைவில் லேசாக அடித்தார். இஞ்சின் சத்தம் சட்டென்று மாறியது, அது எனக்கே கேட்டது. ஹோஸில் விரல்நக அளவு விரிசல். என் காரில் உள்ளே போகும் காற்றை அளக்க ஒரு சென்சார் இருக்கிறது. விரிசல் வழியாக நுழையும் காற்று அந்தச் சென்சாரின் கணக்கில் வராது. ஐடிலில் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தத் திருட்டுக் காற்று பெரிதாகத் தெரியும். வேகமெடுத்தால் மொத்தத்தில் கரைந்துவிடும். ஆக்சிஜன் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதையே தூக்கிப் போடப் பார்த்தேன்.

ஹோஸ் 180 ரூபாய். கூலி 200. சென்சார் டப்பா இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

"அந்த நம்பர் எறங்குறத பாத்தாலே போதுமா சார்? காது குடுக்க வேணாமா?" என்று கேட்டார். "ரெண்டும் வேணும்ணா" என்றேன். தன் போனை நீட்டி, அந்த ஆப்பைப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். பழகிப் பார்க்கட்டும் என்று அடாப்டரையும் அவரிடமே விட்டேன்.

ஷெட்டில் இன்னொரு கார் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏபிஎஸ் விளக்கு எரிகிறதாம், இரண்டு நாளாகக் கிடக்கிறதாம். அவர் உற்சாகமாக அடாப்டரைக் கழற்றி அதில் செருகினார். அந்த மாடலின் சொந்த மொழி இந்த ஆப்புக்குத் தெரியாது. பொது மொழியில் கேட்டது. போனில் பச்சை நிறத்தில் டிக் வந்தது.

"ஃபால்ட் எதுவும் இல்லேங்குது சார்" என்றார்.

இருவரும் டாஷ்போர்டைப் பார்த்தோம். ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.